புது இசை நடத்துநர், 38 குரல், 14 ஒத்திகை: எங்கிருந்து தொடங்குவது?

பாளை_சேர்ந்திசை
வணக்கம். எங்கள் ஊர்ச் சேர்ந்திசைக் குழுவுக்கு அக்டோபர் முதல் வாரம் புதிய இசை நடத்துநர் பொறுப்பேற்கிறார். ஜனவரி கடைசி ஞாயிறு கச்சேரி. நாட்காட்டியில் 17 வாரம் இருக்கு. தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் போனால் 14 ஒத்திகை. ஞாயிறு மாலை 4 முதல் 6 வரை, பள்ளிக்கூட ஹால், ஒரு கீபோர்டு.

ஆட்கள் 38: சோப்ரானோ (பெண் மேல்குரல்) 11, ஆல்ட்டோ (பெண் கீழ்க்குரல்) 14, டெனர் (ஆண் மேல்குரல்) 5, பாஸ் (ஆண் கீழ்க்குரல்) 8. பாதிப் பேர் சபைப் பாடகர் குழுவில் சோல்ஃபா (டோ ரே மி எழுத்து முறை) பார்த்துப் பாடிப் பழகியவர்கள். மீதிப் பேர் கர்நாடக சங்கீதம் கற்றவர்கள், சிலருக்குக் கேள்வி ஞானம் மட்டும். ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டு இசைக்குறிப்பு) வாசிக்கிறவர்கள் ஆறேழு பேர்தான்.

கமிட்டி 16 பாட்டுக்குப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது, அதில் பத்து புதுசு. நடத்துநர் அதைப் பார்த்துவிட்டு, முதலில் குரல்களைக் கேட்கணும், பட்டியல் அப்புறம் என்கிறார். கமிட்டியில் இரண்டு கருத்து. விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன்.

தாழ்குரல்
நடத்துநர் சொல்வதுதான் சரி. கணக்கைப் போட்டுப் பாருங்கள், கமிட்டிக்கே புரியும்.

2 மணி நேரத்தில் டீக்கு 10 நிமிடம் போனால் 110. பதினாலு ஒத்திகைக்கு 1540 நிமிடம். அதில் குரல் பதப்படுத்த ஒவ்வொரு வாரமும் 10 நிமிடம், மொத்தம் 140 கழியும். கடைசி இரண்டு ஒத்திகையும் முழு நிகழ்ச்சியை ஓட்டிப் பார்க்க, அங்கே 200 போய்விடும். பழைய பாட்டுகளைத் தூசி தட்ட 300. மிச்சம் 900, அதாவது 15 மணி நேரம்.

பாதிப் பேர் காதால் கற்கிற குழுவில், நாலு குரல் பாட்டு ஒரு நிமிடம் மேடைக்குத் தயாராக ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆக 15 நிமிடப் புதுப் பாட்டு. சராசரி நாலு நிமிடம் என்று வைத்தால் நாலு பாட்டு, அதிலும் ஒன்று சின்னதாக இருக்கணும். பத்து முடியாது. பத்தைத் தொட்டால் பத்தும் அரைவேக்காடாகத்தான் மேடை ஏறும்.

இன்னொன்று. டிசம்பர் ஞாயிறுகளில் உங்கள் சபை ஆட்கள் கேரல் ரவுண்ட்ஸ், கேரல் சர்வீஸ் என்று ஓடுவார்கள். அந்த மாதம் டெனர் 5 பேரில் 2 பேர்தான் வருவார்கள் என்றே திட்டமிடுங்கள். புதுப் பாட்டு நாலையும் நவம்பர் முடிவதற்குள் முழுசாகப் பாடிப் பார்த்திருக்கணும். டிசம்பரில் புதுசாக எதுவும் தொடங்க வேண்டாம்.

பாளை_சேர்ந்திசை
இப்படி யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை அண்ணாச்சி. அப்போ குரலைக் கேட்பது என்றால் எப்படி? எவ்வளவு நேரம்?

தாழ்குரல்
ஆளுக்கு 10 நிமிடம். 38 பேருக்கு 6 மணி 20 நிமிடம். இரண்டு சனிக்கிழமை மாலையில் முடித்துவிடலாம், ஒத்திகை நேரத்தைத் தொடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. அதில் எழுதவேண்டியது:

சிரமமில்லாமல் தொடுகிற கீழ் சுரம், மேல் சுரம். குரல் மாறுகிற இடம், அதாவது நெஞ்சுக்குரல் விட்டுத் தலைக்குரலுக்குப் போகிற சுரம். எந்த முறையில் படிக்கிறார், ஸ்டாஃபா, சோல்ஃபாவா, ஸரிகமவா, காதா. பக்கத்தில் வேறு வரி பாடும்போது தன் வரியைப் பிடித்து நிற்கிறாரா.

எல்லாரையும் 'ஊ' என்று ஐந்து சுரம் ஏறி இறங்கச் சொல்லி, அரைச்சுரம் அரைச்சுரமாக ஏற்றுங்கள். அதிகபட்சம் எதைத் தொடுகிறார் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்த உயரத்தில் பத்து நிமிடம் களைக்காமல் இருக்க முடிகிறது என்பதுதான் ஒருவருக்கு எந்த வரிசை என்று சொல்லும். மேல் ஜி தொட்டுவிட்டார் என்று சோப்ரானோவில் போட்ட பலர் அரை மணி நேரத்தில் தொண்டை கட்டி நிற்பார்கள். அவர்கள் ஆல்ட்டோ.

ஆல்ட்டோ_வரிசை
இதில் எனக்குச் சம்மதமில்லை. பதினைந்து இருபது வருடமாகப் பாடுகிறவர்களை ஒவ்வொருவராக நிற்கவைத்துப் பாடச் சொன்னால் பாதிப் பேர் அன்றைக்கே விலகிவிடுவார்கள். ஊர்க்குழு இது, சம்பளத்துக்குப் பாடுகிறவர்கள் இல்லை. வயதான பெண்கள் குரல் இறங்கியிருக்கும். அது அவர்களுக்கே தெரியும். அதை அட்டையில் எழுதிக் காட்டவேண்டுமா?

தாழ்குரல்
அக்கா சொல்வதில் நியாயம் இருக்கு. அதனால் மூன்று விஷயம் முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். ஒன்று, இதனால் யாரும் குழுவை விட்டு அனுப்பப்பட மாட்டார்கள். இரண்டு, அட்டையை நடத்துநர் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள், கமிட்டியும் கூட. மூன்று, தனியாக வரத் தயங்குகிறவர்கள் இரண்டிரண்டு பேராக வரலாம். 'ஆடிஷன்' என்ற சொல்லையே எடுக்கவேண்டாம்.

ஆனால் வயதாகிக் குரல் இறங்கியதைக் கேட்காமல் விட்டால் அது அவர்களுக்குத்தான் கேடு. அறுபது தாண்டிய சோப்ரானோ ஒருவர் எஃப்5-க்கு (கீபோர்டில் நடு சி, அதாவது சி4-க்கு மேலே வரும் இரண்டாவது எஃப்) மேல் கழுத்து நரம்பு புடைக்கப் பாடுவதை, ஆல்ட்டோவுக்கு மாற்றி நிம்மதியாகப் பாடவைக்கலாம். மாற்றுவதைச் சொல்லும் விதம்தான் முக்கியம்: "அக்கா, ஆல்ட்டோவில் கீழ் சுரம் கேட்கவேமாட்டேங்குது, நீங்க வந்தால் நிற்கும்."

சுருதிபேதம்
குரல் பிரிப்பதில் தமிழ்நாட்டுக் குழுக்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கு. 14 ஆல்ட்டோ, 11 சோப்ரானோ என்ற உங்கள் எண்ணிக்கையைப் பார்த்தாலே தெரிகிறது.

கர்நாடக சங்கீதம் கற்ற பெண்கள் பெரும்பாலும் 5, 5½ கட்டையில் பாடுவார்கள். கட்டை என்பது ஸட்ஜத்தின் உயரம், 1 கட்டை என்றால் சி. 5½ என்றால் ஸட்ஜம் ஜி ஷார்ப் 3. மந்திர பஞ்சமம் (கீழ் ப) டி ஷார்ப் 3. தார ஸ்தாயி மத்யமம் (மேல் ம) சி ஷார்ப் 5. அதற்கு மேல் அவர்கள் அதிகம் போவதில்லை, கச்சேரியில் போகவேண்டிய தேவையும் குறைவு. அது முழுக்க நெஞ்சுக்குரலில் பழகிய எல்லை. சோப்ரானோ வரி சாதாரணமாகவே எஃப்5, ஜி5 தொடும். அதாவது அவர்கள் முடிக்கிற இடத்துக்கு மேலேதான் சோப்ரானோவின் முக்கியமான சுரங்கள் தொடங்குகின்றன. "எனக்கு மேலே வராது" என்று இளம்பெண்கள் கூட ஆல்ட்டோவில் போய் உட்கார்வது இதனால்தான். வராது என்பதல்ல, அந்தக் குரலை எடுத்துப் பழகவில்லை.

செய்யவேண்டியது: சி5-இல் 'ஊ' என்று மெல்லத் தொடங்கி, ப ம க ரி ஸ என்று இறங்குங்கள். கீழிருந்து ஏறவேண்டாம். ஏறினால் நெஞ்சுக்குரலைத் தூக்கிக்கொண்டே போய் ஓர் இடத்தில் உடையும். மேலிருந்து இறங்கினால் தலைக்குரல் தானாகக் கீழே வந்து சேரும். வாரத்துக்கு ஓர் அரைச்சுரமோ ஒரு சுரமோ மேலே வைத்துத் தொடங்குங்கள். ஆறு வாரத்தில் ஜி5 வரை மெல்லிய, ஆனால் நேரான ஒலி கிடைக்கும். சத்தம் எதிர்பார்க்காதீர்கள், அது அடுத்த வருடம் வரும்.

ஆண்களிடம் இந்தச் சிக்கல் குறைவு. 1 கட்டையில் பாடுகிறவருக்குத் தார பஞ்சமம் ஜி4, டெனர் வரியின் உச்சியும் ஏறக்குறைய அதுதான். உங்கள் 8 பாஸில் தார பஞ்சமம் சிரமமில்லாமல் தொடுகிறவர்கள் ஒருவர் இருவராவது இருப்பார்கள். அவர்களை டெனருக்குக் கொண்டுவாருங்கள்.

பாளை_சேர்ந்திசை
இது எங்கள் குழுவில் கண்ணெதிரே நடக்கிற விஷயம். அடுத்தது நொட்டேஷன். எல்லாரையும் ஸ்டாஃபுக்கு மாற்றிவிடலாம் என்று ஒரு கருத்து வந்திருக்கு. 14 வாரத்தில் முடியுமா?

சுருதிபேதம்
வேண்டாம். 14 வாரத்தில் ஸ்டாஃப் கற்றுத்தரலாம், இல்லாவிட்டால் கச்சேரி செய்யலாம். இரண்டும் நடக்காது.

உங்கள் ஊரில் சோல்ஃபா சொத்து. ஜான் கர்வன் 19-ஆம் நூற்றாண்டில் பரப்பிய முறை, மிஷன் பள்ளிகள் வழியாக வந்தது. அதில் 'டோ' எந்த உயரத்திலும் இருக்கலாம், நம் ஸட்ஜம் போலவே. டோ ரே மி ஃபா ஸோ லா டி என்பதும் ஸ ரி க ம ப த நி என்பதும் மேஜர் ஸ்கேலில், அதாவது சங்கராபரணத்தில், ஒன்றுக்கு ஒன்று பொருந்தும். ஆகவே சோல்ஃபா ஆட்களும் ஸரிகம ஆட்களும் ஒரே தாளைப் பார்த்துப் பாடலாம்.

ஆனால் மைனர் பாட்டு வந்தால் இரண்டு கூட்டமும் மோதும். சோல்ஃபாவில் மைனரின் ஆதார சுரம் 'லா'. கர்நாடக முறையில் ஆதாரம் எப்போதும் ஸ. ஏ மைனர் பாட்டில் முதல் சுரத்தை ஒருவர் 'லா' என்பார், பக்கத்தில் இருப்பவர் 'ஸ' என்பார், இருவரும் சரிதான். நடத்துநர் "லாவிலிருந்து எடுங்க" என்றால் கர்நாடக ஆட்கள் தைவதத்தைத் தேடுவார்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள்: இந்தப் பாட்டு நடபைரவி, ஸ என்பது தாளில் 'லா'. ஹார்மோனிக் மைனர் என்றால் கீரவாணி. இந்த ஒரு வரியைத் தாளின் தலையில் எழுதிவிட்டால் போதும்.

தாள் இப்படி இருக்கட்டும்: ஸ்டாஃப், அதற்குக் கீழே சோல்ஃபா எழுத்து, அதற்குக் கீழே தமிழ் வரிகள். மியூஸ்ஸ்கோரில் இதைச் செய்யலாம், மென்பொருள் இலவசம். அதிலிருந்தே ஒவ்வொரு குரலுக்கும் பயிற்சி ஆடியோ எடுங்கள். அவரவர் வரி இடது காதில், மற்ற மூன்றும் வலது காதில். முதல் வாரம் இடது காது மட்டும் கேட்டுப் பழகுவார்கள். மூன்றாம் வாரம் வலதை மட்டும் போட்டுக்கொண்டு தன் வரியைப் பாடிப் பார்க்கணும். வாட்ஸப்பில் அனுப்பும்போது பாட்டுக்கு 4 கோப்பு, பெயரில் பாட்டு, குரல், தேதி. திருத்திய பிறகு பழைய கோப்பை அழிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டு பேர் பழைய வரியையே மனப்பாடம் செய்து வருவார்கள்.

மாத்திரை
இதுவரை சொன்னதெல்லாம் எந்த மொழிக் குழுவுக்கும் பொருந்தும். தமிழில் பாடுகிற குழு கெடுவது பெரும்பாலும் சொல்லில்தான். சுரம் சரியாக இருந்தும் கேட்கிறவருக்கு ஒரு வரி கூடப் புரியாமல் போவதற்குக் காரணம் இருக்கு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, குற்றியலுகரத்துக்கு அரை. இது பள்ளிக்கூட இலக்கணம். சேர்ந்திசைக்கு இதுதான் அடிப்படைத் தாளம். நாலு குரலில் எழுதும்போது கீழ்க்குரல்களுக்கு நீண்ட சுரம் கொடுத்து நிரப்புவது வழக்கம். அந்த நீண்ட சுரம் குறிலில் விழுந்தால் சொல் மாறிவிடும். விடு என்பது வீடு ஆகும். கொடி, கோடி ஆகும். படு, பாடு ஆகும். மேலே சோப்ரானோ 'கொடி' என்று பாட, கீழே பாஸ் 'கோடி' என்று பாடினால் கேட்கிறவர் எதை எடுத்துக்கொள்வார்?

இதற்கு வழி: நீட்டவேண்டிய இடத்தில் குறிலைச் சட்டென்று தொட்டுவிட்டு அடுத்த எழுத்தில் நில்லுங்கள். 'மலர்' இரண்டு எண்ணிக்கைக்கு என்றால் 'ம' கால் எண்ணிக்கை, மீதி முழுவதும் 'லர்'. அதிலும் 'ல'வின் அகரத்தில் நின்று, கடைசியில்தான் 'ர்'. நடத்துநர் பாட்டை வாங்கியதும் முதல் வேலையாகப் பென்சிலை எடுத்து, நீண்ட சுரத்தில் விழுந்திருக்கிற குறில்களை எல்லாம் வட்டம் போடணும். ஒரு பாட்டில் பத்துப் பதினைந்து இருக்கும். அரை மணி நேர வேலை.

அடுத்தது வல்லின இரட்டை. வெற்றி, பாட்டு, முத்து, பக்கம். இவற்றின் நடுவே ஒரு சின்ன மௌனம் இருக்கு, அது சொல்லின் உறுப்பு. ஒருவர் பாடினால் தெளிவாகக் கேட்கும். 38 பேர் 38 நேரத்தில் மூடினால் 'வெ-ற்-ற்-ற்-றி' என்று சரளைக்கல் கொட்டின மாதிரி இருக்கும். பயந்துகொண்டு யாருமே மூடாவிட்டால் 'வெறி' ஆகிவிடும், அது இன்னும் மோசம். ஒரு எண்ணிக்கையை நாலாகப் பிரித்து, நாலாவது பங்கில் எல்லாரும் மூடுங்கள் என்று முடிவு செய்யுங்கள். மெதுவாக, சுரமே இல்லாமல், தாளத்தில் வெறும் சொல்லாகப் பேசிப் பழகணும். தக-திமி சொல்கிற மாதிரி. இரண்டு ஒத்திகையில் ஒட்டிக்கொள்ளும்.

சொல் முடிவில் வரும் குற்றியலுகரம்: காற்று, பாட்டு, நேற்று. இதை உதடு குவித்து 'ஊ' என்று நீட்டுகிற பழக்கம் சேர்ந்திசையில் எப்படியோ வந்துவிட்டது. தமிழில் அங்கே உதடு குவியாது. நீண்ட சுரம் கடைசி 'று'வில் விழுந்திருந்தால் 'காற்'றின் ஆகாரத்தில் அந்த நீளத்தைக் கொடுத்துவிட்டு, 'று'வைக் கடைசியில் லேசாக வைத்துவிட்டு விடுங்கள்.

ழகரம். 'வாழ்க' என்பதில் 'வா'வில் நில்லுங்கள், 'ழ்' விடுகிற நேரத்தில் மட்டும் வரட்டும். 'ழ்'-இல் நின்றால் நாக்கு பின்னால் மடிந்து தொண்டையை அடைக்கும், உயரத்தில் பாடுகிற சோப்ரானோவுக்குச் சுருதியே இறங்கிவிடும்.

சொல் முதலில் வரும் 'ச'. செம்மை, சொல், சோலை. 'ஸ' மாதிரி சொல்கிறவர்களும் 'ச்ச' மாதிரி சொல்கிறவர்களும் ஒரே வரிசையில் இருப்பார்கள். எது சரி என்று சண்டை வேண்டாம். பாட்டுக்கு ஒரு முடிவு, தாளில் எழுதிவிடுங்கள். 'ஸ' என்று முடிவு செய்தால் அதைக் குறைவாகச் சொல்லச் சொல்லுங்கள். 38 பேரின் 'ஸ்' சேர்ந்தால் குக்கர் விசில் போல மைக்கில் ஏறும்.

ஆல்ட்டோ_வரிசை
குறில்களுக்கு வட்டம் போடுவது பற்றி ஒரு சந்தேகம். ஒரு மெய் எழுத்தில் நின்று பாடலாமா? 'அம்மா', 'எங்கும்' மாதிரி சொற்களில் 'ம்', 'ங்' நீளமாக வந்தால்?

மாத்திரை
தாராளமாக நில்லுங்கள் அக்கா. மெல்லின மெய்யில் சுருதி நிற்கும்: ங், ஞ், ண், ந், ம், ன். இடையினத்தில் ய், ல், ள் ஓரளவு. தமிழில் 'அம்மா' என்பதை 'அ' நீட்டிப் பாடினால் 'ஆம்மா' ஆகிவிடும். 'ம்' நீட்டினால் சொல்லும் கெடாது, ஹம்மிங் போல அழகாக நிற்கும். ஒன்றுதான் கவனிக்கணும். வாய் மூடியதும் ஒலி பாதியாகக் குறையும், அதனால் எல்லாரும் ஒரே கணத்தில் மூடணும். நடத்துநரின் இடது கை விரல்கள் சேர்கிற சைகை ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டால் நல்லது.

பாளை_சேர்ந்திசை
கேட்க நினைத்த இன்னொன்று. பக்கவாத்தியம் இல்லாமல் பாடும்போது எங்கள் குழு சுருதி இறங்கிவிடுகிறது. மூன்று நிமிடப் பாட்டு முடிவதற்குள் அரைச்சுரத்துக்கு மேல் போய்விடும். கீபோர்டைக் கூடவே வாசித்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள்.

சுருதிபேதம்
கீபோர்டைக் கூடவே வாசித்தால் இறங்குவது காதில் படாது, அவ்வளவுதான். நோய் அப்படியே இருக்கும்.

காரணங்கள் எனக்குத் தெரிந்தவரை இவை. ஒரே சுரம் திரும்பத் திரும்ப வந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை இறங்கும். அதைப் பாடும்போது ஒவ்வொன்றையும் முன்னதைவிட உயரமாக நினைக்கணும். இறங்கு வரிசையில் சுரங்களைப் பெரிதாக இறக்கிவிடுவார்கள், ஏறு வரிசையில் சின்னதாக ஏற்றுவார்கள். வரிக் கடைசியில் மூச்சு தீர்ந்துபோகும். 'ஆ' என்பதை வாய் அகலமாக, தட்டையாகப் பாடுவார்கள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பாடுவார்கள். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 4 மணி ஒத்திகை என்றால் முதல் 20 நிமிடம் நின்றே பாடவையுங்கள்.

இந்த இடத்தில் கர்நாடகம் கற்றவர்கள் உங்கள் பலம். தம்புராவோடு பாடிப் பழகிய அந்தர காந்தாரம் ஸட்ஜத்திலிருந்து 386 செண்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு செண்ட்). கீபோர்டின் மேஜர் மூன்றாம் சுரம் 400. 14 செண்ட் வித்தியாசம். நாலு குரல் சேர்ந்து மணி அடித்த மாதிரி ஒலிக்கிற கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டு), தம்புரா காந்தாரத்தில்தான் கிடைக்கும். கூடவே கீபோர்டு 400-இல் அடித்துக்கொண்டிருந்தால் ஆல்ட்டோக்கள் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறுவார்கள்.

ஒத்திகைதோறும் செய்கிற பயிற்சி: தம்புரா ஆப்பில் 1 கட்டை வையுங்கள். பாஸ் சி3-இல் ஸ, 'ஊ' என்று, எட்டு எண்ணிக்கை. அது நேராக நின்றதும் டெனர் ஜி3-இல் ப. அடுத்து சோப்ரானோ சி5-இல் மேல் ஸ. இந்த மூன்றும் அசையாமல் நின்ற பிறகுதான் ஆல்ட்டோ ஈ4-இல் காந்தாரம். காந்தாரம் கடைசியில்தான் வரணும். சரியாக உட்கார்ந்தால் ஹாலில் யாருமே பாடாத ஒரு மேல் சுரம் கேட்கும். அதை ஒரு முறை கேட்டுவிட்டால் அவர்களே தேட ஆரம்பிப்பார்கள். பிறகு தம்புராவை நிறுத்தி, அரை நிமிடம் நின்று, மறுபடி போட்டுப் பாருங்கள். எவ்வளவு நகர்ந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

ஒரு பாட்டு மட்டும் விடாமல் இறங்குகிறது என்றால் அரைச்சுரம் ஏற்றி எடுத்துப் பாருங்கள். எஃப் மேஜரில் இறங்கிக்கொண்டே போகிற பாட்டு எஃப் ஷார்ப்பில் அப்படியே நிற்பதுண்டு. குரல் மாறுகிற இடத்தில் முக்கியமான சுரம் சிக்கியிருந்தது விடுபட்டுவிடும்.

கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது, பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் ஒரே வரி பாடும்போது கமகம் இருக்கட்டும், ஒரே மாதிரி அசைந்தால் போதும். நாலு குரலாகப் பிரிந்ததும் உள் குரல்களில் அசைவு கூடாது, காந்தாரம் அசைந்தால் கார்டே அசையும். தோடி, சஹானா, ஆனந்தபைரவி மாதிரி அசைவிலேயே உயிர் வைத்திருக்கிற ராகங்களுக்குக் கார்டு போடாதீர்கள். அவற்றுக்கு ஸ-ப மட்டும் கீழே பிடித்து மேலே ஒரு வரி போதும். ஹம்ஸத்வனி, மோகனம், சங்கராபரணத்தின் நேர் சுரப் பிரயோகங்கள் நாலு குரலுக்கு இடம் கொடுக்கும்.

தாழ்குரல்
தாளத்துக்கும் ஒரு வார்த்தை. கர்நாடக ஆட்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே பாடுவார்கள். நடத்துநர் கையை மெதுவாக்கினால் தொடைத் தாளம் அதைக் கேட்காது. முதல் நாளே கைகளை விடச் சொல்லணும். ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு வந்தால் நடத்துநர் ஏழு அடிக்க வேண்டாம். 3+2+2 என்று நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு, மொத்தம் மூன்று அடி. ஐந்து எண்ணிக்கையான கண்ட சாபு 2+3, இரண்டு அடி. பாடகர்களுக்கு அதுதான் தெளிவாக இருக்கும்.

ஆல்ட்டோ_வரிசை
பாட்டுத் தேர்வு யார் கையில்? எல்லாச் சண்டையும் அங்கேதான் தொடங்கும். கமிட்டி பட்டியல் போட்டுவிட்டது, நடத்துநர் ஆறு பாட்டை அடிப்பார், கமிட்டியில் ஒருவருக்குப் பிடித்தது அந்த ஆறில் இருக்கும்.

தாழ்குரல்
அவர் சேரும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு, கட்டை, யார் எந்த வரிசை, தனிக்குரல் யார் என்பதெல்லாம் நடத்துநர் முடிவு. பணம், ஹால், தேதி, வருகைக் கட்டுப்பாடு எல்லாம் கமிட்டி. கமிட்டி பாட்டுக்குப் பரிந்துரை தரலாம், முடிவு சொல்லக்கூடாது. காலம் ஒரு வருடம். முதல் கச்சேரி முடிந்த இரண்டு வாரத்துக்குள் இரு தரப்பும் உட்கார்ந்து பேசணும், அந்தத் தேதியையும் இப்போதே எழுதிவிடுங்கள். மதிப்பூதியம் எவ்வளவு, எந்தத் தேதியில் தருவது, ஒத்திகை ரத்தானால் உண்டா இல்லையா என்பதும்.

வருகை: 14-இல் 3 விடலாம், கடைசி இரண்டும் கட்டாயம். இதை நடத்துநர் சொல்லவேண்டிய நிலை வரக்கூடாது. செயலாளர் சொல்லணும்.

முந்தைய நடத்துநரிடமிருந்து பழைய தாள்களை வாங்குங்கள், அவர் பென்சிலில் குறித்த பிரதி முக்கியம். மூச்சு எங்கே, மெதுவாவது எங்கே என்று அதில்தான் இருக்கும். சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கிய எம்.பி. சீனிவாசன் 1988-இல் காலமான பிறகும் அந்தக் குழு தொடர்ந்து பாடியது. ஓர் ஆளோடு முடியாத குழு வேண்டுமென்றால் அவர் கைக்குறிப்பு அடுத்தவர் கைக்குப் போகணும்.

மாத்திரை
உரிமை விஷயத்தையும் கமிட்டி கவனிக்கட்டும். பாரதி பாடல்கள் நாட்டுடைமை, வரிகளுக்கு யாரிடமும் கேட்கவேண்டாம். ஆனால் மெட்டு தனி உரிமை. இசையமைத்தவர் காலமான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 வருடம். எம்.பி. சீனிவாசன் மெட்டு என்றால் 2048 முடியும் வரை. அதை நாலு குரலுக்கு மாற்றி எழுதவும் அனுமதி வேண்டும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 52-இல் ஒரு விலக்கு இருக்கு. அமெச்சூர் குழு, டிக்கெட் இல்லாத பார்வையாளர்களுக்கு, அல்லது ஒரு சமய நிறுவனத்தின் நலனுக்காக நிகழ்த்தினால் உரிமை மீறல் ஆகாது. அது நிகழ்த்துவதற்கு மட்டும். விலைக்கு வாங்கிய ஒரு தாளை 38 ஜெராக்ஸ் எடுப்பதையும், யூட்யூபில் ஏற்றுவதையும் அந்த விலக்கு காப்பாற்றாது. டிக்கெட் போட்டால் ஐ.பி.ஆர்.எஸ். (இசையமைப்பாளர், பாடலாசிரியர் உரிமைகளைக் கவனிக்கும் சங்கம்) உரிமம் பற்றி முதலிலேயே விசாரியுங்கள். ஹேண்டல் போன்ற பழைய மேற்கத்தியப் படைப்புகள் வேண்டுமென்றால் ஐ.எம்.எஸ்.எல்.பி., சி.பி.டி.எல். தளங்களில் உரிமை முடிந்த பதிப்புகள் கிடைக்கும். புதிதாகத் தட்டச்சு செய்த பதிப்புகளில் நிபந்தனை இருக்கும், ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பாளை_சேர்ந்திசை
இவ்வளவையும் அச்செடுத்துக் கூட்டத்தில் வைக்கிறேன். கடைசியாக மேடை. 38 பேரை எப்படி நிறுத்துவது? போன முறை ஒலிக்காரர் எட்டு ஹேண்ட் மைக் கொடுத்தார். மைக் பிடித்த எட்டுப் பேர் குரல்தான் கேட்டது.

மேடைஒலி
தம்பி, கை மைக் ஒன்று கூட வேண்டாம். தனிக்குரலுக்கு மட்டும் ஒன்று தனியாக.

38 பேருக்கு கார்டியாய்ட் கண்டென்ஸர் மைக் (முன்பக்க ஒலியை அதிகமாக வாங்கும் நுட்பமான மைக்) மூன்று போதும், சில ஹாலில் இரண்டே போதும். முதல் வரிசைக்கு 2 முதல் 3 அடி முன்னால், முதல் வரிசைத் தலைக்கு 2 முதல் 3 அடி மேலே, கடைசி வரிசையின் வாயைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். முன்வரிசையைப் பார்த்து வைத்தால் முன்வரிசை மட்டும்தான் கேட்கும். பக்கத்து மைக்குக்கு உள்ள தூரம், மைக்குக்கும் பாடகருக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு. கிட்டக்கிட்ட வைத்தால் ஒரே குரல் இரண்டு மைக்கில் சின்ன நேர வித்தியாசத்தில் நுழைந்து, தகர டப்பாவுக்குள் பாடின மாதிரி ஆகிவிடும். இந்த மைக்குக்கு 48 வோல்ட் ஃபாண்டம் பவர் (மிக்ஸரிலிருந்து கேபிள் வழியே வரும் மின்சாரம்) வேண்டும், ஒலிக்காரரிடம் முன்பே கேளுங்கள். சில சின்ன மிக்ஸர்களில் இருக்காது.

மேடை மானிட்டரில் (பாடுகிறவர்களைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர்) குழுவின் குரலைத் திருப்பி விடச் சொல்லாதீர்கள், ஊளையிடும். கீபோர்டு மட்டும் போகட்டும், அதுவும் குறைவாக.

நிற்பது மூன்று வரிசை: 12, 13, 13. ஆளுக்கு 60 செ.மீ. என்றால் 13 பேருக்கு 7.8 மீட்டர். மேடை அகலம் அதற்குக் குறைவென்றால் நாலு வரிசையாக்குங்கள். படி ஒவ்வொன்றும் 20 செ.மீ. உயரம். டெனர் குறைவாக இருப்பதால் அவர்களை நடுவில் நிறுத்துங்கள், ஓரத்தில் போட்டால் தொலைந்துவிடுவார்கள். சோப்ரானோவுக்குப் பின்னால் பாஸ். கீழ் ஸ காதில் விழுந்துகொண்டே இருந்தால் சோப்ரானோ சுருதி நகராது.

பாளை_சேர்ந்திசை
மைக் இல்லாமலே பாடமுடியுமா என்று நடத்துநர் கேட்கிறார் ஐயா. ஹால் 300 இருக்கை, மேலே மின்விசிறி, பக்கத்தில் சாலை.

மேடைஒலி
300 இருக்கை என்றால் 38 பேருக்குத் தாராளம். தடை விசிறியும் சாலையும்தான். ஒத்திகையில் வெறும் ஹாலில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஆட்கள் நிறைந்ததும் எதிரொலி குறைந்து குரல் வறண்டு கேட்கும். கச்சேரி நேரத்தில், அதாவது ஞாயிறு மாலை போக்குவரத்து இருக்கும்போது, விசிறியைக் கச்சேரியில் எந்த வேகத்தில் வைப்பீர்களோ அதே வேகத்தில் ஓடவிட்டு, கடைசி வரிசையில் நாலு பேரை உட்காரவையுங்கள். குழுவுக்கு உள்ளதிலேயே சத்தம் குறைவான வரியைப் பாடச் சொல்லுங்கள். நாலு பேரும் தாள் பார்க்காமல் சொற்களை எழுதிக் காட்டணும். எழுதினது சரியாக இருந்தால் மைக் வேண்டாம். சொல் தவறினால் விசிறியை ஒரு புள்ளி குறைத்து, சாலைப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தி, இன்னொரு முறை. அப்போதும் தவறினால் மூன்று மைக்.